கையறுநிலையும் இரங்கற் கடிதமும்

சென்ற ஆண்டு நம் பாணேர்க் குடியிருப்பில் சங்க அன்பர் ஒருவர் காலமானார். அவர்தம் இல்லத்தாருக்குச் சங்கத்தின் சார்பில் இரங்கற் கடிதம் எழுதும் பணி அடியேனிடம் வந்தது. ரயில்வே அலுவலகத்தில் இருபதாண்டுகளாகக் கடிதம் எழுதிப் பழகிய கை. எனினும் அன்றிரவு "ஆழ்ந்த அனுதாபம்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் ஓடவில்லை. நம் முன்னோர் இதனை எங்ஙனம் செய்தனர் என்று தேடியதன் பயனே இக்கட்டுரை.

தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தோர் செயலற்றுப் புலம்புவதைத் தொல்காப்பியம் கையறுநிலை என்று வழங்கும். 1894இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் இத்துறைப் பாடல்கள் பல உள. அதியமான் மாய்ந்தபோது ஔவையார் முதற்கண் நினைப்பது அவன் வென்ற போர்களை அன்று. கள் சிறிதளவே கிடைத்தால் முழுவதையும் எமக்கே தந்துவிடுவான் என்கிறார். மணங்கமழும் தன் கையால், புலால் நாறும் தம் தலையைத் தடவிக் கொடுத்ததையும் மறவாமல் சொல்லுகிறார். ஓர் அரசனைப் பற்றி இப்படி எழுத எவ்வளவு துணிவு வேண்டும்!

ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் எவருக்கும் ஆறுதல் கூறவில்லை. இனி உன்னைச் சூடுவார் யார், நீயும் பூத்தனையோ என்று முல்லைக்கொடியையே கேட்கிறார். பாட்டு ஆறே அடிகள்தாம்.

நிற்க. 1855இல் நம் நாட்டில் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சொல்லுக்குக் காசு என்றானபின் துக்கமும் சுருங்கிற்று. வாழ்த்துக்களையோ அரசினரே எழுதி எண்ணிட்டு வைத்தனர். எண்ணைச் சொன்னால் வாழ்த்துப் போய்ச் சேரும். சொல் குறைந்தது குற்றமன்று. கீரத்தனார் பாட்டும் சிறியதே. எல்லார்க்கும் ஒரே சொல் என்றானதே குறை. 2013 ஜூலையில் தந்தி நின்றது. எனினும் கைப்பேசியில் அதே இரண்டு சொற்கள், கூப்பிய கைகளின் படத்துடன் ஓயாது வருகின்றன. இப்புனே நகரத்து முச்சந்திகளில் 'பாவபூர்ண ச்ரத்தாஞ்சலி' என்னும் பலகைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். படம் மாறும், எழுத்து மாறாது.

முதலில் எழுதிய கடிதத்தைக் கிழித்தேன். "ஆண்டு விழாதோறும் முதலில் வந்து ஜமக்காளம் விரிப்பவர் அவரே, இரவில் அவற்றை எண்ணி மடித்து வைத்தபின் கடைசியாக வீடு செல்பவரும் அவரே. இனி யார் எண்ணுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை" என்று எழுதி அனுப்பினேன். எழுதியபின் அச்சமாகவே இருந்தது. சங்கத்தின் பெயரால் போகும் மடலில் ஜமக்காளமா என்று செயற்குழுவில் ஒருவர் கேட்கவும் செய்தார்.

பத்தாம் நாள் அவ்வம்மையார் மகனிடம் சொல்லி அனுப்பினார்: சங்கத்து ஜமக்காளம் ஒன்று அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கிறதாம், கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம்.