கைபடக் கூடாத பல்பு

போன வாரம் காரின் இடது ஹெட்லைட் ஃபியூஸ் போய்விட்டது. பானெட்டைத் திறந்து, ஹோல்டரைப் பிடுங்கி, ரப்பர் மூடியை உரித்து, கண்ணுக்கு எட்டாத கம்பி கிளிப்பை விரலால் தடவித் தடவி விடுவித்தேன். புது எச்4 பல்பைப் பிரித்ததும் மகள் ஆசையாய்க் கை நீட்டினாள். "கண்ணாடியைத் தொடாதம்மா" என்றேன். "ஏம்பா?"

அவளுக்குச் சொன்ன பதில்தான் இது.

ஆரம்பத்தில் கார்களுக்குக் கார்பைடு விளக்குதான். கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்ட அசிட்டிலின் எரியும். பிறகு மின்சார பல்பு வந்தது, கூடவே ஒரு நோயும் வந்தது. டங்ஸ்டன் இழை உருக 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் உருகும் முன்பே சூட்டில் துளித்துளியாக ஆவியாகி, கண்ணாடியில் கரியாகப் படிந்துவிடும். அரிக்கேன் சிம்னியில் கரி பிடித்தால் துடைக்கலாம். பல்புக்குள் எப்படித் துடைப்பது?

துடைக்கும் வழியை அமெரிக்காவில், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் 1950களில் கண்டுபிடித்தார்கள். எல்மர் ஃப்ரிட்ரிக், எம்மெட் வைலி என்ற இருவர் ஒல்லியான குவார்ட்ஸ் விளக்குக்குள் சிறிது அயோடினை விட்டுப் பார்த்தார்கள். ஆவியாகி வரும் டங்ஸ்டனைக் கண்ணாடியில் ஒட்டவிடாமல் அயோடின் பிடித்துக்கொள்கிறது. சுற்றிச் சுழன்று கொதிக்கும் இழைக்குப் பக்கத்தில் வந்ததும் சூடு தாங்காமல் பிரிந்து, டங்ஸ்டனை அங்கேயே இறக்கிவிடுகிறது. 1959இல் காப்புரிமை கிடைத்தது. எனக்கு இது இன்றைக்கும் அதிசயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேய்ந்த இடத்திலேயே திரும்பி ஒட்டும் என்று உறுதியில்லை. அதனால்தான் இந்தப் பல்பும் ஒருநாள் அறுந்துபோகிறது.

இந்தச் சுழற்சி நடக்கக் கண்ணாடியே 250 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். ஆகவே குமிழ் இழையை ஒட்டினாற்போல் சிறுத்தது. சாதாரணக் கண்ணாடி அந்தச் சூட்டுக்கு ஆகாது என்று குவார்ட்ஸ் வந்தது. விரல் பட்டால் வியர்வை உப்பும் எண்ணெய்ப் பசையும் ஒட்டும். எரியும்போது அந்த இடத்தில் குவார்ட்ஸ் வெளுத்து, பலமிழந்து, வெடிக்கக்கூட வாய்ப்புண்டு. தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும்.

இந்த வகைக்கு ஹாலஜன் பல்பு என்று பெயர். காருக்கான முதல் ஹாலஜன் பல்பு, எச்1, 1962இல் ஐரோப்பாவில் வந்தது. அதில் ஒரே இழை. ஹை பீம், லோ பீம் இரண்டுக்கும் இழை வைத்த எச்4 வர 1971 ஆனது. அமெரிக்காவிலோ 1983 வரை, ஃபியூஸ் போனால் முழு விளக்கையே கழற்றி எறிய வேண்டியதுதான். பல்பை மட்டும் மாற்றும் வசதியை ஐரோப்பியர்கள் விட்டுக்கொடுக்காததால்தான் இந்த வேலை நம் வீட்டு வாசலில் பத்து நிமிஷத்தில் முடிகிறது.

பல்பை உற்றுப் பார்க்கச் சொன்னேன். ஓர் இழைக்கு அடியில் மட்டும் குட்டி உலோகக் கிண்ணம். லோ பீம் வெளிச்சம் மேல்நோக்கி எழாமல் மறிப்பது அதுதான். பல்பின் அடிவட்டில் உள்ள மூன்று காதுகளில் அகலமானது மேலே வரும்படி வைத்தேன், தானே பொருந்தியது. சாவியைத் திருப்பியதும் காம்பவுண்டுச் சுவரில் கீழே வெளிச்சம், மேலே இருட்டு, நடுவில் கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு. மகள் அந்தக் கோட்டின் மேல் விரல் வைத்து நடந்து பார்த்தாள்.