'தீவா'வும் 'தேவி'யும்: ஒரு நாணயப் பொறிப்பின் மொழிபெயர்ப்பு

உரோமானியப் பேரரசர் அந்தோனினஸ் பியஸின் துணைவி மூத்த பௌஸ்தீனா கி.பி. 140ஆம் ஆண்டளவில் மறைந்தார். செனட் சபை அவருக்குத் தெய்வநிலை வழங்கியது. அதன்பின் வெளியிடப்பட்ட தெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசுகளின் முகப்பில், அவர் உருவத்தைச் சூழ்ந்து 'தீவா பௌஸ்தீனா' என்னும் தொடர் காணப்படுகிறது. இதனைத் தமிழில் 'தேவி பௌஸ்தீனா' எனப் பெயர்ப்பது பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இலத்தீன் 'தீவா'வும் வடமொழித் 'தேவி'யும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. எனினும் அவற்றின் பொருளெல்லை ஒன்றன்று. கவிதை வழக்கில் 'தீவா' பெண்தெய்வத்தையும் குறிக்கும். பேரரசுக் கால ஆட்சி வழக்கிலோ, இறந்தபின் தெய்வநிலை பெற்ற மானிடப் பெண்ணையே அது சுட்டும். பெண்தெய்வத்திற்குரிய பொதுச்சொல் 'தெயா' என்பதாகும். உரோம் நகரில் பௌஸ்தீனாவுக்கு எழுந்த கோயிலின் பொறிப்பில், 161இல் பேரரசர் மறைந்தபின், 'தீவுஸ்' என்னும் இணையான ஆண்பாற்சொல்லுடன் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது.

தமிழில் 'தேவி' இறைவியையும் உயிருடனிருக்கும் அரசியையும் குறிக்கும்; செம்பியன் மாதேவி என்னும் சோழ அரசியின் பெயர் இதற்குச் சான்று. எனவே 'தேவி பௌஸ்தீனா' என்னுமிடத்து இறப்பும் செனட்டின் ஆணையும் மறைந்துவிடுகின்றன.

காசின் பின்புறம் இச்சிக்கலை மிகுவிக்கிறது. ஒருவகைக் காசில், தீப்பந்தமேந்திய செரெஸ் என்னும் விளைச்சல் தெய்வத்தின் உருவத்தருகே, பேரரசியின் பட்டமாகிய 'அவுகுஸ்தா' பொறிக்கப்பட்டுள்ளது. உருவம் இருவரையும் இணைக்க, முகப்பிலுள்ள சொல் பிரித்தே காட்டுகிறது. ஆகவே 'தெய்வநிலை பெற்ற பௌஸ்தீனா' என்பதே ஏற்ற பெயர்ப்பாகும்.