வெற்றிலையோடு சேரும் புகையிலையும் வயிற்றுக் குழந்தையும்

கர்ப்பிணியிடம் "புகைப்பழக்கம் உண்டா?" என்று கேட்டால், நம் கோவை வட்டாரத்தில் பெரும்பாலும் "இல்லை" என்றே பதில் வரும். அதில் பொய் இல்லை. 2016-17ல் இந்தியா முழுவதும் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி, புகைக்கும் பெண்கள் 2 சதவீதம் மட்டுமே. ஆனால் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தும் பெண்கள் 12.8 சதவீதம். எனவே "வெற்றிலையோடு புகையிலை போடுவீர்களா? பொடி போடுவீர்களா?" என்று தனியாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

கோவை, ஈரோடு பக்கம் வாய்ப்புகையிலை நெடுங்காலமாக விளையும் பயிர். அதனால் அது வீட்டுப் பொருள் போலவே புழங்குகிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு ஒரு துண்டு சேர்த்து மெல்வதை யாரும் போதைப் பழக்கமாக நினைப்பதில்லை. மசக்கையில் குமட்டுகிறது, பல் வலிக்கிறது என்றால் "கொஞ்சம் அடக்கிக்கொள்" என்று பெரியவர்களே கொடுப்பதும் உண்டு. அன்பினால் கொடுக்கிறார்கள், அதனால்தான் மறுப்பது கடினம்.

வாயில் அடக்கிய புகையிலையின் நிகோடின் கன்னத்தின் உட்தோல் வழியாக நேரே இரத்தத்தில் கலக்கிறது. பீடியைப் போல ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடாமல், வாயில் இருக்கும் வரை ஊறிக்கொண்டே இருக்கும். நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும் இரத்தம் குறைகிறது. நச்சுக்கொடி நிகோடினைத் தடுப்பதும் இல்லை; அது குழந்தையின் இரத்தத்திலும் பனிக்குட நீரிலும் சேர்கிறது.

இதை நம் நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். மும்பையில் 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2004ல் வெளியானது. புகையில்லாப் புகையிலை பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்தும், ஆறு நாட்கள் முன்னதாகவும் பிறந்தன. 105 கிராம் பெரிதா என்று தோன்றலாம். இரத்தசோகையுள்ள தாய்க்கு 2.5 கிலோவை ஒட்டிப் பிறக்கும் குழந்தைக்கு அது பெரிதுதான். அதைவிடக் கவலை தருவது, எட்டு மாதம் கூட நிறையாமல் பிறக்கும் ஆபத்து பல மடங்காக இருந்தது. குழந்தை இறந்து பிறக்கும் ஆபத்தும் கூடுதல் என்று அதே ஆய்வாளர் குழு பின்னர் கண்டது. ஸ்வீடனில் உதட்டுக்குள் வைக்கும் புகையிலையை ஆராய்ந்தவர்களும் குறைமாதப் பிரசவம் அதிகமாவதைக் கண்டார்கள். ஆகவே "புகை இல்லை, தீங்கும் இல்லை" என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது.

புகைக்கும் தாய்மாருக்குக் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்துகொள்வதால் நிலைமை இன்னும் மோசம். குழந்தையின் எடை 200 கிராம் அளவுக்குக் குறைகிறது. நச்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து இரத்தப்போக்கு ஏற்படும் ஆபத்தும் கூடுகிறது. இங்கே ஆண்களையும் சொல்லியாக வேண்டும். மனைவி கர்ப்பமாக இருக்கும் வீட்டில் கணவரோ மாமனாரோ விடும் புகையும் குழந்தையைப் பாதிக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது சரியல்ல.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு நம்பிக்கை தருகிறது. 15 வாரத்துக்கு முன் புகைப்பதை விட்ட தாய்மாரிடம் குறைமாதப் பிரசவமும் எடைக்குறைவும், புகைக்காதவர்களின் அளவிலேயே இருந்தன. தாமதமாக விட்டாலும் பயன் உண்டு. ரமலானில் ஸஹர் முதல் மஃரிப் வரை புகையிலை இல்லாமல் நம் பெண்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்! இஃப்தார் முடிந்ததும் வெற்றிலைப் பெட்டியைத் தேடாமல் இருப்பதுதான் சிரமம்.

குமட்டலுக்கும் பல்வலிக்கும் கர்ப்பிணிகளுக்கு ஏற்ற மருந்துகள் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்கலாம். நிகோடின் மெல்லுபசை, ஒட்டுப்பட்டை போன்றவற்றை மருத்துவர் சொல்லாமல் தொடங்க வேண்டாம். புகையிலையை விட உதவும் தேசியத் தொலைபேசிச் சேவையின் கட்டணமில்லா எண் 1800-11-2356. பிரசவத்துக்குப் பின்னும் நிகோடின் தாய்ப்பாலில் கலக்கும் என்பதால் திரும்பத் தொடங்கக் கூடாது. இன்னும் விட முடியாத தாயும் பால் கொடுப்பதை மட்டும் நிறுத்த வேண்டாம்.