குழலுக்குள் ஒரு விளக்கு

துப்பாக்கிக் குழலின் உட்புறத்தை ஆராயும் போர்ஸ்கோப்பைத் தெரிவு செய்வோர் குழலின் விட்டத்தையும் வில்லை நோக்கும் திசையையும் கணக்கிடுவர். சுழல்பள்ளங்கள் பக்கச்சுவரில் இருப்பதால், நேர்நோக்கு வில்லையைவிடப் பக்கநோக்குக் கண்ணாடியே அங்கு உதவும். எனினும் வரலாறு நமக்கு இன்னொரு கேள்வியையும் கற்பிக்கிறது: நாம் காண்பதைப் பிறருக்கும் காட்ட முடியுமா?

1915இல் நியூயார்க் மாநிலத்தில் நிகழ்ந்த இரட்டைக் கொலையில் சார்லஸ் ஸ்டீலோ என்னும் பண்ணைத் தொழிலாளிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய துப்பாக்கியின் வாயிலும் கொலைக் குண்டுகளிலும் ஒன்பது கீறல்களைத் தாம் கண்டதாக வல்லுநர் எனப்பட்ட ஆல்பர்ட் ஹாமில்டன் சாட்சி சொன்னார். பின்னர் சார்லஸ் வெயிட் பங்கேற்ற மறுவிசாரணையில், நுண்ணோக்கியின்கீழ் அச்சான்று பொய்த்தது. அக்குண்டுகள் அத்துப்பாக்கியிலிருந்து வந்தவையல்ல. 1918இல் ஸ்டீலோ மன்னிப்புப் பெற்று விடுதலையானார்.

1925இல் வெயிட், கால்வின் காடர்ட் முதலானோர் நியூயார்க்கில் துப்பாக்கித் தடய ஆய்வகம் ஒன்றை நிறுவினர். அங்கு ஜான் ஃபிஷர், சிறுநீர்ப்பையை நோக்கும் மருத்துவக் கருவியைத் தழுவி, விளக்கும் உருப்பெருக்கியும் பொருந்திய ஹெலிக்ஸோமீட்டரை உருவாக்கினார். நோயறிய உடலுள் புகுந்த ஒளி, நீதிக்காக இரும்பினுள் புகுந்தது. காடர்ட்டும் மருத்துவரே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இன்றைய கருவிகள் குழலின் உட்புறத்தைத் திரையிலேயே காட்டுகின்றன, படமாகவும் பதிகின்றன. இவ்வசதியை வெறும் சொகுசு என்று நாம் ஒதுக்கலாகாது. ஒருவர் மட்டுமே கண்ட கீறல், ஓர் ஏழையை மரண நாற்காலியின் அருகே கொண்டு நிறுத்தியதல்லவா?