லயத்திலிருந்து வந்த பெட்டி

ரப்பர் தோட்டத்துக் குடும்பம் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும் என்பதை லயத்து வீடுதான் முடிவு செய்தது. வீடு தோட்டத்துடையது. பால்வெட்டை விட்டால் வீட்டையும் விட்டாக வேண்டும். அதனால் பெரிய அலமாரி, கட்டில் என்று யாரும் சேர்க்கவில்லை. தலையில் தூக்கிக்கொண்டு நடக்கத் தோதான தகரப் பெட்டி மட்டும் எல்லா வீட்டிலும் இருந்தது.

அம்மா காலமான பிறகு ஈப்போ புந்தோங் வீட்டைத் தம்பியும் நானும் காலி செய்தோம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பாட்டி கொண்டுவந்த பெட்டி கட்டிலுக்கடியில் இருந்தது. அதைத் திறந்தவர்கள் எங்கள் தலைமுறையில் யாருமில்லை.

அடியில் ஜப்பான்காரன் காலத்து நோட்டுகள். பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் குலை தள்ளி நிற்கும். அந்த மூன்றரை ஆண்டும் அந்த நோட்டைக் கொடுத்துத்தான் அரிசி வாங்கினார்கள், மரவள்ளி வாங்கினார்கள். 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அது செல்லாக்காசாகிவிட்டது. செல்லாத பணத்தைப் பாட்டி ஏன் வைத்திருந்தார் என்று தம்பி கேட்டான். எனக்குக் காரணம் தெரியும், அம்மா சொல்லியிருக்கிறார். பாட்டியின் அண்ணனைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 1942, 43 ஆண்டுகளில் காட்டை வெட்டிப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் ஆயிரமாயிரமாக மடிந்தார்கள். அவரும் திரும்பவில்லை. தங்கையிடம் அவர் விட்டுப்போன பணம்தான் இது.

அதற்கு மேலே தாத்தாவின் அடையாள அட்டை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அவசரகாலம் அங்கிருந்துதான் தொடங்கியது. அந்த ஆண்டே, பன்னிரண்டு வயது நிரம்பிய எல்லாருக்கும் படமும் கைரேகையும் பதித்த அட்டை கட்டாயமானது. பிறகு சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி அடைத்தார்கள். அந்தக் குடிமாற்றத்தில் ஆட்டுக்கல்லையும் உரலையும் அப்படியே போட்டுவிட்டு வந்ததைப் பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பால் வெட்டப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகவும் தடை. காட்டில் இருக்கிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். வேலி வாயிலில் சோதனை, கையில் அட்டை. தாள் எதையும் எறியக்கூடாது என்ற பயம் எங்கள் வீட்டில் அப்போதுதான் புகுந்திருக்க வேண்டும். அது வெற்றுப் பயமல்ல. பிறப்புப் பத்திரம் இல்லாததாலேயே குடியுரிமை கிடைக்காமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டையோடும், சிலர் அதுவும் இல்லாமலும், இந்த மண்ணிலேயே பிறந்து இந்த மண்ணிலேயே செத்துப்போன தோட்டத்து மக்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெட்டியின் மேல்தட்டில் அம்மாவின் பங்குப் பத்திரம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். துண்டாடிய தோட்டத்தில் வேலையும் போனது, லயமும் போனது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்குங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. நாள்கூலி சில வெள்ளிதான் கிடைத்த காலத்தில், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்ற என் அம்மா பத்து வெள்ளியை எப்படி மிச்சம் பிடித்தார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மற்றவை பெட்டிக்கு வெளியே கிடந்தன: பால்வெட்டுக் கத்தி, வாளி தூக்கும் காண்டாக் கம்பு, பால் வாளி, ஒட்டுப்பால் கூடை, பால் பிடிக்க மரத்தில் கட்டும் மங்குகள். மங்கு முதலில் சிரட்டை, பிறகு தகரம், பீங்கான், கடைசியில் பிளாஸ்டிக். எங்களிடம் இருந்தவை பீங்கான். ஈப்போ பழைய நகரத்துக் காப்பிக்கடைகள் சிலவற்றில் பழம்பொருட்களோடு அதையும் அழகுக்கு வைக்கிறார்கள். "சூராட் காபார் லாமா" (பழைய பேப்பர்) என்று ஒலிபெருக்கியில் கூவி வந்த லாரிக்காரரோ கத்தியையும் வாளியையும் ஒன்றாக எடை போட்டு விலை சொன்னார்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. அவர் மேல் கோபமில்லை, இரும்புக்கு இரும்பு விலைதான். ஆனால் கோலகங்சாரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ காலத்து ரப்பர் மரம் ஒன்றுக்குப் பலகை வைத்துப் பாதுகாக்கிறார்கள். 1877இல் வந்த கன்றுகளின் நினைவு அது. ஈயச் சுரங்கத் தொழிலுக்குக் கம்பாரில் அருங்காட்சியகம் இருக்கிறது. ரப்பர் மரத்தைக் காக்கத் தெரிந்த ஊர், அதைச் சீவிய கத்தியையும் காக்க வேண்டும். யாராவது செய்யட்டும் என்று காத்திருக்க எனக்கு வயதில்லை. கத்தியையும் இரண்டு மங்குகளையும், தோட்டத்தின் பெயரும் அம்மா வேலை செய்த ஆண்டுகளும் எழுதிய சீட்டோடு, நான் முன்பு கற்பித்த தமிழ்ப்பள்ளியில் கொடுத்தேன். வாளியும் கூடையும் லாரியில் போயின. அம்மியைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார், அவர் அரைக்கிறார். துணிமணி, அலுமினியச் சட்டி, உடைந்த வானொலி எல்லாம் போகட்டும் என்றுதான் விட்டேன்.

நோட்டுகளைப் பழங்காசு வியாபாரியிடம் காட்டலாம் என்றான் தம்பி. அவை விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அட்டையையும் நோட்டுகளையும் அவன் மகள் படம் எடுத்து, பின்னால் யார் யாருடையது என்று எழுதி வைத்திருக்கிறாள். பங்கு இன்னும் அம்மா பெயரில்தான் இருக்கிறது. வாரிசு மாற்றத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.