நங்கூர மரையாணியும் நிலநடுக்கமும்

எஃகுத் தூண், புகைபோக்கி, தொட்டி முதலியவற்றைக் கான்கிரீட் அடித்தளத்துடன் பிணைக்கும் எஃகுத் தண்டு நங்கூர மரையாணி எனப்படும். கட்டுமானத் தளங்களில் இதை 'ஆங்கர் போல்ட்' என்பர். நிலநடுக்கத்தில் கட்டமைப்பு ஒருபுறம் சாயும்போது மறுபுற மரையாணிகள் மேல்நோக்கி இழுபடுகின்றன. இழுவிசை எல்லை மீறினால் எஃகு நீளும்; அல்லது மரையாணியைச் சுற்றியுள்ள கான்கிரீட் கூம்பு வடிவில் பெயர்ந்துவிடும். எஃகு நீளுவது மெல்ல நிகழும்; அதிர்வின் ஆற்றலையும் ஓரளவு உறிஞ்சும். கான்கிரீட் பெயர்வதோ திடீரென நிகழும்.

ஆகவே மரையாணி தடிமனாக இருந்தால் பாதுகாப்பு கூடும் என்ற பரவலான எண்ணம் சரியன்று. பதிக்கும் ஆழத்தைக் கூட்டாமல் தடிமனை மட்டும் கூட்டினால், எஃகு நீளுமுன் கான்கிரீட் உடையும்.

இதற்கான அனுபவப் பாடம் சிலி நாட்டில் கிடைத்தது. 1960 மே 21, 22 தேதிகளில் அங்கு பெரும் நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. இரண்டாம் நாள் நிகழ்ந்தது 9.5 அளவுடையது; கருவிகளில் பதிவானவற்றுள் இதுவே மிகப் பெரியது. கன்செப்சியோன் நகருக்கு அருகிலுள்ள உவாச்சிபாத்தோ எஃகு ஆலையில் புகைபோக்கிகளின் மரையாணிகள் நீண்டிருந்தன. அமெரிக்கப் பொறியாளர் ஜான் புளூம் அந்த ஆலையின் கட்டமைப்புகளை ஆராய்ந்து 1963இல் கட்டுரை வெளியிட்டார். அதே நிலநடுக்கங்களில் உயர்ந்து மெலிந்த சில கட்டமைப்புகள் தப்பியதையும், உறுதியாகத் தோன்றியவை சேதமடைந்ததையும் ஜார்ஜ் ஹவுஸ்னர் அதே ஆண்டில் விளக்கினார்.

பின்னர் சிலியின் தொழிற்சாலைகளில், தூணின் அடியில் எஃகுத் தகடுகளாலான உயர்ந்த இருக்கை அமைத்து, மரையாணியின் ஒரு பகுதியைக் கான்கிரீட்டுக்கு மேலே வெளியே தெரியவிடும் வழக்கம் வேரூன்றியது. இந்த நீளம் ஏன் தேவை? 20 மில்லிமீட்டர் மட்டும் தடையின்றி நீளக்கூடிய எஃகு 5 விழுக்காடு நீண்டால் கிடைப்பது 1 மில்லிமீட்டர். 160 மில்லிமீட்டர் இருந்தால் அதே விழுக்காட்டில் 8 மில்லிமீட்டர் கிடைக்கும். எஃகு எவ்வளவு நல்லதாயினும், நீள இடமில்லையென்றால் பயனில்லை.

கான்கிரீட்டின் வலிமையைக் கணக்கிடும் முறையும் மாறியது. முன்பு 45 பாகைக் கூம்பு கருதப்பட்டது. அதன்படி ஆழம் இருமடங்கானால் வலிமை நான்கு மடங்காகும். 1995இல் ஃபுக்ஸ், எலிகெஹவுசன், பிரீன் ஆகியோர் வெளியிட்ட முறையில் கூம்பின் சரிவு சுமார் 35 பாகை. வலிமை ஆழத்தின் 1.5ஆம் படிக்கு ஏற்ப உயரும். எனவே இருமடங்கு ஆழத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2.8 மடங்கே. பழைய கணக்கை நம்பினால் ஆழமான மரையாணிகளில் கான்கிரீட்டின் வலிமை மிகையாகத் தெரியும். எஃகே முதலில் நீளும் என்ற நம்பிக்கையும் பொய்த்துவிடும். அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 318 விதித்தொகுப்பு இப்புதிய முறையை 2002இல் ஏற்றது.

அத்தொகுப்பின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பு, நிலநடுக்க இழுவிசைக்கு அனுமதித்த வழிகளுள் ஒன்றில், மரையாணி விட்டத்தைப் போல் 8 மடங்கு நீளும் பகுதி வேண்டும் என்றது. 20 மில்லிமீட்டர் மரையாணிக்கு அது 160 மில்லிமீட்டர். எஃகின் பெயரளவு வலிமையை 1.2 மடங்காக உயர்த்திக் கணக்கிட்டாலும் கான்கிரீட் முந்தி உடையக்கூடாது என்பதும் நிபந்தனை.

நீளும் பகுதியைக் கான்கிரீட்டுக்குள்ளும் அமைக்கலாம். அங்கு எஃகு கான்கிரீட்டுடன் ஒட்டாதபடி உறையிட வேண்டும். ஆனால் பராமரிப்புக்கு வெளியே தெரியும் சிலி முறையே வசதி. அதிர்வு ஓய்ந்தபின் எந்த மரையாணி நீண்டிருக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்து, தளர்ந்த நட்டை மீண்டும் முறுக்கிவிடலாம்.