முகத்துவாரத்துக்கு வந்த கூர்ப்புக் கொள்கை

1881 நவம்பரில் கொழும்பில் வந்து இறங்கினார் யேனா பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல். நுணுக்குக்காட்டி, கண்ணாடிக் குப்பிகள், இரசாயனங்கள் என்று பெட்டி பெட்டியாகச் சாமான்கள். கொட்டாஞ்சேனையைத் தாண்டி, களனி கங்கை கடலில் விழும் முகத்துவாரத்தில் இருந்த 'விஸ்ட் பங்களா'தான் அவருடைய முதல் தங்குமிடம். டார்வினின் கூர்ப்புக் கொள்கையை ஜேர்மன் வாசகர்களிடம் கொண்டு சேர்த்ததில் அவருக்கு நிகரானவர் அன்று எவருமில்லை.

ஆனால் டார்வினுக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு அதற்கு முந்தியது. அது தபாலில் வந்த தொடர்பு. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், பிடித்துக் கட்டப்பட்ட காட்டு யானைகள் கண்ணீர் வடித்ததாகத் தம் நூலில் எழுதியிருந்தார். உணர்ச்சிகள் முகத்தில் எப்படி வெளிப்படுகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்த டார்வின் அதைப் படித்ததோடு விட்டுவிடவில்லை. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் இருந்த துவைட்சுக்கு எழுதிக் கேட்டார். அவர் மூலமாக கிளெனி என்ற பாதிரியாரும் வேறு சிலரும் புதிதாகப் பிடிபட்ட யானைகளைப் போய்ப் பார்த்தார்கள். யானைகள் சினந்து பிளிறின. கண்ணைச் சுற்றியுள்ள தசைகள் சுருங்கவில்லை, கண்ணீரும் வரவில்லை. யானை அழுததைத் தாங்கள் கண்டதேயில்லை என்று உள்ளூர் வேட்டைக்காரர்களும் சொல்லிவிட்டார்கள். டார்வின் 1872இல் வெளியிட்ட நூலில் டெனன்டின் கூற்றையும் இந்தப் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அறிவியல் எப்படி நடக்கிறது என்பதை மாணவர்களுக்குக் காட்ட இலங்கை மண்ணிலிருந்தே இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

ஹெக்கலிடம் அந்தப் பொறுமை குறைவு. வெலிகமவில் வாடிவீட்டையே ஆய்வுகூடமாக்கிக் கடலுயிர்களைச் சேகரித்தார். 1882 பெப்ரவரி 12ஆம் திகதி, டார்வினின் 73ஆவது பிறந்தநாளன்று, சிவனொளிபாத மலையில் ஏறி அங்கிருந்து அவருக்கு வாழ்த்து எழுதினார். அடுத்த மாதம் தீவை விட்டுப் போனார். ஏப்ரலில் டார்வின் மறைந்தார். ஹெக்கலின் உழைப்பும் ஓவியத் திறனும் அசாதாரணமானவை. அதே கைதான் முளையங்களின் ஒற்றுமையை உள்ளதற்கு மேல் மிகைப்படுத்தி வரைந்தது. மனித இனங்களை உயர்வு தாழ்வாக அடுக்கியது. இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் படிக்க வேண்டும்.

தமிழர்களுக்கு அவரோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. மடகஸ்காரில் வாழும் லெமூர்களின் உறவு விலங்குகள் இந்தியாவிலும் காணப்படுவதற்கு விளக்கம் தேடிய பிலிப் ஸ்கிளேட்டர், கடலில் மூழ்கிய ஒரு நிலப்பரப்பை 1864இல் ஊகித்து 'லெமூரியா' என்று பெயரிட்டார். மனிதகுலத்தின் தொட்டிலே அதுவாக இருக்கலாம் என்று ஹெக்கல் அதை மேலும் நீட்டினார். அந்த ஊகம் பிறகு தமிழ் எழுத்தாளர்கள் கைக்கு வந்து குமரிக்கண்டத்தோடு ஒட்டிக்கொண்டது. 1960களில் கண்டத்தட்டுகளின் நகர்வு உறுதியானதும் புவியியலாளர்களுக்கு லெமூரியா தேவைப்படவில்லை. நம்முடைய மேடைகளில் அது இன்னும் மூழ்கவில்லை.

கொழும்பிலேயே கூர்ப்பு ஆய்வு வேரூன்றிய இடம் என்றால் அது 1877இல் திறக்கப்பட்ட நூதனசாலைதான். 1902 முதல் 1910 வரை அதன் பணிப்பாளராக இருந்த ஆர்தர் வில்லி, 'ஸ்போலியா செலனிக்கா' என்ற ஆய்விதழைத் தொடங்கினார். 1911இல் அவர் வெளியிட்ட நூல், வெவ்வேறு மூதாதையரிடமிருந்து வந்த உயிர்கள் ஒரே மாதிரி வடிவத்தை எட்டுவதைப் பற்றியது. சுறா மீன், டொல்பின் பாலூட்டி. உடலமைப்போ கிட்டத்தட்ட ஒன்றுதான். கொழும்பில் பல வருடம் உயிரினங்களோடு பழகிய ஒருவர் எழுதிய அந்த நூலைக் கொழும்பு மாணவர்களில் எத்தனை பேர் கையில் எடுத்திருப்பார்கள்? அது ஆங்கிலத்தில் இருந்தது, விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

இன்று அந்தத் தடைகளில் ஒன்று போய்விட்டது. டார்வினின் நூல்களைப் பக்கம் பக்கமாகத் தரும் 'டார்வின் ஒன்லைன்' 2006இல் வந்தது. அவருடைய கடிதங்களுக்குக் கேம்பிரிட்ஜின் தனித் தளம் இருக்கிறது. பழைய இயற்கை வரலாற்று நூல்களையும் ஆய்விதழ்களையும் பல்லுயிர் மரபு நூலகம் இலவசமாகத் தருகிறது. பாடத்தை அடியிலிருந்து தொடங்க விரும்புபவருக்குக் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகம் 2004இல் திறந்த பக்கங்கள் உண்டு. வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் டியூட்டரி முடிந்து வீட்டுக்குப் போகும் பிள்ளை, யானைக் கண்ணீரைப் பற்றி டார்வின் எழுதிய பக்கத்தைக் கைத்தொலைபேசியிலேயே திறந்து பார்க்கலாம்.

மொழித் தடை மட்டும் அப்படியே நிற்கிறது. தமிழில் பாடநூலும் ஆசிரியர் வழிகாட்டியும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை பரீட்சையோடு நின்றுவிடுகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் வருடி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. 1942இல் தொடங்கி இப்போது 57ஆம் ஒழுங்கையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் வாசகர்களில் கூர்ப்பைத் தமிழில் எழுதக்கூடியவர்கள் நிச்சயம் இருப்பார்கள். எழுதுபவர்களுக்கு இடமும் இருக்கிறது, வாசகரும் இருக்கிறார்கள்.

எழுதுவதற்கு விசயமும் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. பனியுகங்களில் கடல் மட்டம் தாழ்ந்தபோதெல்லாம் இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்தே இருந்தன. அப்படியிருந்தும் இங்குள்ள தவளைகள், நன்னீர் நண்டுகள் போன்ற பல உயிர்க் கூட்டங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளவற்றோடு அதிகம் கலக்காமல் தனி வழியில் கிளைத்திருக்கின்றன என்று 2004இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. அதை எழுதியவர்களில் இலங்கை ஆய்வாளர்களும் இருந்தார்கள். லெமூர்களுக்காக ஸ்கிளேட்டர் ஒரு கண்டத்தையே கற்பனை செய்தார். இங்கே நிலப்பாலம் உண்மையாகவே இருந்தது. ஈர வலயத்துத் தவளைகளில் பெரும்பாலானவை அதைக் கடக்கவில்லை.